பங்குனியில் வரச் சொல்லுங்கள்

(பங்குனி முதல் வாரத்தில் ராஜபாளையத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முன்னால் ராஜபாளையத்துக்காரர்கள், பின்வரிசையில் பஸ் பிடித்து வந்து உட்கார்ந்திருக்கும் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள்.

போன வருடம் இதே நாட்களில் என் தங்கை மகன் மொராக்கோவிலிருந்து போன் பண்ணினான். வேலை விஷயமாக மராக்கேஷ் என்ற ஊருக்குப் போயிருந்தான். "பெரியம்மா, ரோட்டோரம் பூரா நம்ம நாரத்தை மாதிரி ஒரு மரம். எல்லாம் பூத்துக் கிடக்கு. ராத்திரி ஜன்னலைத் திறந்தா ஊரே மணக்குது. காலையில பார்த்தா தூரத்துல மலை மேல வெள்ளையா பனி" என்றான். அவன் சொல்லச் சொல்ல எனக்கும் அந்த வாசம் அடித்தது. கடைசியில் ஒரு கேள்வி கேட்டான். "கூட வேலை பார்க்கிறவங்க, உங்க ஊருக்கு எப்ப வந்தா நல்லா இருக்கும்னு கேக்குறாங்க. என்ன சொல்லட்டும்?"

"மார்கழியில் வரச் சொல்லு, இல்லாட்டி ஆடிப்பூரத்துக்கு வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு போனை வைத்தேன். வைத்த பிறகு மனசு கேட்கவில்லை. அவனுக்கு அந்த ஊர் எந்த நாளில் அப்படி மணந்தது? திருவிழா நாளில் இல்லை. சும்மா ஒரு மார்ச் மாத இரவில். நம் ஊரிலும் அப்படி ஒரு பருவம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் கூட்டம் கூடும் நாளைச் சொல்லிவிட்டேனே என்று இருந்தது. இன்றைக்கு நான் பேசப்போவது அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான்.

ஆடிப்பூரத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு நாக்கு வராது. அன்றைக்கு ஆண்டாள் தேர் நிலையை விட்டு அசையும்போது இன்றும் எனக்குக் கண் கலங்கும். மார்கழி விடியலில் திருப்பாவை முப்பது பாட்டும் ஒலிக்கும் தெருவில் நடந்தவர்கள் அதை மறக்க மாட்டார்கள். ஆனால் அந்த நாட்களில் வருகிறவர் கோயிலைப் பார்க்கிறார், கூட்டத்தைப் பார்க்கிறார், ஒரு டப்பா பால்கோவா வாங்குகிறார், திரும்பிவிடுகிறார். ஊரைப் பார்க்க அவருக்கு நேரமும் இல்லை, வழியும் இல்லை. மாசி பாதி கழிந்து பங்குனி முடிவதற்குள் வந்தால் ஊர் தானாக எதிரே வந்து நிற்கும்.

தமிழில் நாம் எண்ணி வைத்த பெரும்பொழுதுகளில் மாசியும் பங்குனியும் பின்பனி. இளவேனில் சித்திரையில்தான் பிறக்கிறது. ஏட்டுக் கணக்கு அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் மரங்களுக்கு வேறு கணக்கு. காலையில் வாசல் தெளிக்கும்போது கைக்குக் குளிர் தெரியும். பத்து மணிக்கு வெயில் உறைக்கும். சாயங்காலம் மலையிலிருந்து காற்று இறங்கும். இந்த மூன்றும் ஒரே நாளில் கிடைப்பது இந்த ஆறு வாரம்தான். பின்பனி இன்னும் வாசலைத் தாண்டாதபோதே வசந்தம் கொல்லைப்பக்கமாக உள்ளே வந்துவிடுகிறது.

இதை முதலில் சொன்னது நான் இல்லை. ஆண்டாள் சொல்லியிருக்கிறாள். ஆண்டாள் என்றதும் நமக்கு மார்கழிதான் ஞாபகம் வருகிறது. திருப்பாவையின் முப்பது பாசுரமும் மார்கழிதான். ஆனால் அவள் பாடியதில் பெரும்பங்கு நாச்சியார் திருமொழி. 14 பதிகம், 143 பாசுரம். அதன் தொடக்கத்தைப் பாருங்கள். தை மாதம் முழுக்கத் தரையைப் பெருக்கிக் கோலம் போடுகிறாள். மாசியின் முதல் நாட்களில் நுண்ணிய மணலைக் கொண்டு தெருவை அழகு பண்ணுகிறாள். எல்லாம் காமதேவனுக்காக. அவன் வரும் காலம் பங்குனி என்று பெயர் சொல்லியே குறிக்கிறாள். ஒருமுறை இல்லை, முதல் பதிகத்திலும் சொல்கிறாள், இரண்டாம் பதிகத்திலும் சொல்கிறாள். மார்கழி நோன்பு தோழிகளோடு சேர்ந்து செய்தது. தை, மாசி, பங்குனி நோன்பு அவள் தனியாக, தன் மனசுக்காகச் செய்தது. இது என் வாசிப்பு. பண்டிதர்கள் வேறு மாதிரிச் சொல்லலாம்.

ஐந்தாம் பதிகத்தில் குயிலிடம் கெஞ்சுகிறாள், என் பெருமான் வரும்படி நீ கூவு என்று. அதற்கு அடுத்த பதிகத்திலேயே கல்யாணக் கனவு. இந்த வரிசையை நான் பல வருடம் பாடமாகத்தான் படித்தேன். ஒரு பங்குனிக் காலையில் எங்கள் கொல்லையில் வேப்பமரத்துக் குயில் மூச்சு விடாமல் கூவிக்கொண்டிருந்தபோதுதான் அது ஒரு நாட்காட்டி என்று உறைத்தது. மணல், குயில், பிறகு கல்யாணம். ஊரும் அந்த வரிசையில்தான் இன்றைக்கும் போகிறது. பங்குனி உத்திரத்தன்றுதான் ஆண்டாளுக்கும் ரங்கமன்னாருக்கும் திருக்கல்யாணம். திருப்பதியிலிருந்து கல்யாணப் பட்டு வந்து சேரும். பெரியாழ்வார் பெண்ணைத் தாரை வார்க்கும் தகப்பனாராக எழுந்தருளுவார். ஊரில் எந்த வீட்டிலும் அன்றைக்கு "கோயிலுக்குப் போகிறோம்" என்று சொல்வதில்லை. "கல்யாணத்துக்குப் போகிறோம்" என்றுதான் சொல்வார்கள்.

ஆண்டாள் கையில் இருக்கும் கிளியைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறீர்களா? தினமும் புதிதாகச் செய்கிற கிளி. உடம்புக்கு மரவள்ளி இலை. ஒன்றன் மேல் ஒன்றாக மடித்து, நாரால் இறுக்கிக் கட்டுவார்கள். அலகுக்கு மாதுளம் பூ. அந்தச் சிவப்பு வேறு எதிலும் வராது. காலுக்குச் சின்ன மூங்கில் குச்சி. சாயங்காலம் ஆண்டாள் கையில் ஏறி, மறுநாள் யாரோ ஒரு பக்தர் வீட்டுக்குப் போய்விடும். ஒருமுறை எங்கள் வீட்டுக்கும் வந்தது. மூன்றாம் நாள் இலை வாடி, அலகு மட்டும் சிவப்பாக இருந்தது. தூக்கிப் போட மனசில்லாமல் பூஜை அறையில் வெகுநாள் வைத்திருந்தேன்.

இனி மரங்களுக்கு வருகிறேன். உங்கள் ஊரிலிருந்தே தொடங்குகிறேன். அய்யனார் கோயில் சாலையில் மாசியில் ஒரு காலை நடந்து பாருங்கள். மாந்தோப்புகள் பூத்து நிற்கும். மாம்பூவின் வாசம் மல்லிகை மாதிரி எட்ட நின்று கூப்பிடாது. தோப்புக்குள் போன பிறகுதான் தெரியும், கொஞ்சம் புளிப்பாக, கொஞ்சம் தேனாக. பஞ்சவர்ணமும் சப்பட்டையும் இந்த மண்ணின் பெயர் சொல்லும் ரகங்கள். தோப்புக்காரர்கள் இந்த நாட்களில் ஒருவரை ஒருவர் பார்த்தால் "சௌக்கியமா" என்று கேட்பதில்லை, "பூ நிக்குதா" என்றுதான் கேட்கிறார்கள். தத்துப்பூச்சி விழுந்தால் பூ கருகிவிடும். ஒரு பெருமழை வந்தால் கொட்டிவிடும். அவர்களுக்கு வசந்தம் என்பது அண்ணாந்து பார்த்துக் கவலைப்படும் மாதம். அதையும் வருகிறவர்கள் பார்க்கட்டும். பங்குனியில் வடு விழத் தொடங்கும். படிக்கணக்கில் வாங்கி உப்பும் விளக்கெண்ணெயும் போட்டு ஜாடியில் குலுக்கி வைப்போம். பழம் தின்ன வருகிறவர் வைகாசியில் வரட்டும். வடு மாங்காய் கடித்துப் பல் கூச வேண்டுமானால் இப்போதுதான் வர வேண்டும்.

எங்கள் பக்கத்து மரம் புளி. இதே மாதங்கள்தான் புளி உலுக்கும் காலம். ஆள் ஏறிக் கிளையை மிதித்து உலுக்க, கீழே சடசடவென்று விழும். பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு பொறுக்குவார்கள். வீட்டு முற்றத்தில் இரண்டு வெயில் காய்ந்ததும் ஓட்டைத் தட்டி உடைத்து, நாரை உருவி, கொட்டையை எடுத்து, உப்புத் தூவி மண்பானையில் அமுக்குவது என் அம்மாச்சி. புதுப்புளி செம்பொன் நிறத்தில் இருக்கும். வருடம் திரும்பும்போது கறுத்திருக்கும். கொட்டை எடுத்து எடுத்து அம்மாச்சியின் பெருவிரல் நகக்கண் பங்குனி முடியும் வரை சிவந்தே இருக்கும். அந்த விரலால் எங்களுக்குச் சோறு பிசைந்து உருட்டித் தந்தால் சாதத்திலேயே ஒரு புளிப்பு ஏறியிருக்கும்.

இந்த இடத்தில்தான் மொராக்கோ மறுபடியும் வருகிறது. இபின் பதூதா என்ற பெரும் பயணியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1304-ல் மொராக்கோவின் தாஞ்சியரில் பிறந்தவர். உலகத்தின் பாதியைச் சுற்றியவர். 1340-களில் மதுரையை சுல்தான்கள் ஆண்டபோது, மாலத்தீவும் இலங்கையும் பார்த்துவிட்டு நம் கரைக்கு வந்தார். மதுரையில் அப்போது கொள்ளைநோய். வீட்டுக்கு வீடு சாவு. அவருக்கும் கடும் காய்ச்சல் கண்டது, பிழைக்க மாட்டோம் என்றே நினைத்தார். அப்போது இங்கே ஏராளமாகக் கிடைக்கும் புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க அவருக்குத் தோன்றியது. ஏறக்குறைய ஒரு ராத்தல் புளி. மூன்று நாள் வயிறு போய், காய்ச்சல் விட்டது. ஊருக்குத் திரும்பி ஃபெஸ் நகரத்தில் உட்கார்ந்து தன் பயணத்தைச் சொல்லி எழுத வைத்தபோது இந்தப் புளித்தண்ணீரையும் மறக்காமல் சொன்னார். அரபியில் புளிக்குப் பெயரே தமர் ஹிந்தி, இந்தியப் பேரீச்சை.

அவர் நம் ஊர்வரை வந்ததாகச் சொல்ல வரவில்லை. மதுரைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே 75 கிலோமீட்டர் இருக்கிறது. ஆனால் மொராக்கோக்காரர் ஒருவர் உயிர் பிழைத்த மரம் நம் சாலையோரத்து மரம். இன்றைக்கு ஒருவர் மராக்கேஷிலிருந்து வந்தால் நான் முதலில் காட்ட நினைப்பது கோபுரத்தை இல்லை, புளி உலுக்கும் மரத்தடியை.

புளியை நம்பி இன்னொரு ஜீவனும் இருக்கிறது. எங்கள் ஊர் மலையடிவாரத்துச் செண்பகத்தோப்புப் பக்கம் போனால் நரை அணிலைப் பார்க்கலாம். வீட்டுக் கூரையில் ஓடும் அணில் இல்லை. வாலோடு சேர்த்தால் ஒரு முழத்துக்கும் மேல் நீளும் மலை அணில், முதுகில் சாம்பல் தூவினது போல நரை. இதைக் காக்கத்தான் 1988-ல் 485 சதுர கிலோமீட்டர் காட்டைச் சரணாலயமாக்கினார்கள். 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமாகவும் ஆயிற்று. இந்த அணில் தரையில் இறங்க விரும்பாது. பக்கத்து மரத்தின் கிளையோடு கிளை கோத்திருக்கும் மரமாகப் பார்த்துத்தான் கூடு கட்டும். ஆபத்து வந்தால் மரத்துக்கு மரம் தாவிப் போய்விடலாம் அல்லவா? காட்டோரத்துப் புளியந்தோப்பும் மாந்தோப்பும் அதற்குச் சாப்பாடும் பாதையும். நடுவில் நாலு மரத்தை வெட்டினால் அதன் ஊரே இரண்டாகப் பிளந்துபோகும்.

இதைச் சொல்லும்போது எனக்கு வலிக்கிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஊருக்கு வரும் சாலையின் இரண்டு பக்கமும் புளியமரம் குடை பிடித்து நிற்கும். சாலை அகலமாக வேண்டும், மறுக்கவில்லை. ஆம்புலன்ஸில் மதுரைக்கு ஓடிய குடும்பம்தான் எங்களுடையதும். ஆனால் வெட்டிய மரத்துக்குப் பதில் வைத்த மரம் எங்கே? மாந்தோப்பு இருந்த இடத்தில் கல் நட்டு மனை போடுகிறார்கள். மராக்கேஷில் தெருவுக்குத் தெரு நாரத்தை ஜாதி மரத்தை ஊர்க்காரர்கள் நட்டு வளர்த்து வைத்திருக்கிறார்கள். வசந்த வாசம் அந்த ஊருக்கு வானத்திலிருந்து விழவில்லை. யாரோ குழி தோண்டித் தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள்.

எங்கள் ஊர் பால்கோவாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாவிட்டால் பின்வரிசை என்னை விடாது. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, எல்லோருக்கும் தெரியும். டப்பாவில் வாங்கித் தின்பது வேறு, அடுப்படியில் நின்று பார்ப்பது வேறு. அகலமான இரும்புச் சட்டி, விறகு அடுப்பு. நான் நின்று பார்த்த இடத்தில் எரிந்ததும் புளிய விறகுதான், நின்று நிதானமாக எரியும். பாலும் சர்க்கரையும் தவிர வேறெதுவும் சேராது. பால் கொதித்து வற்றும்வரை துடுப்பு நிற்காது. கடைசிக் கால் மணி நேரத்தில் பால் என்ற பெயர் போய்விடும். ஓரத்தில் ஒட்டியதை வழித்து நடுவில் சேர்ப்பார்கள். நிறம் வெள்ளையிலிருந்து சந்தனத்துக்கு இறங்கும். துடுப்பு பிடிப்பவர் கண்ணால் பார்ப்பதை விடக் காதால்தான் கேட்கிறார். கொதிக்கும் சத்தம் தணிந்து களக் களக்கென்று கனமாக விழும்போது சட்டியை இறக்கிவிடுவார். சூடாக ஒரு கரண்டி வாழையிலைத் துண்டில் வைத்துத் தருவார்கள். சித்திரை வெயிலில் அந்த அடுப்புப் பக்கம் உங்களால் நிற்க முடியாது. இப்போது நிற்கலாம்.

ராஜபாளையத்துக்கு வருகிறவர்களை எங்கே கூட்டிப்போவது என்று இங்குள்ள நண்பர்கள் கேட்டார்கள். சஞ்சீவி மலையும் அய்யனார் கோயில் ஆறும் அவர்களே காட்டிவிடுவார்கள். முதலமைச்சராக இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தன் வீட்டையே ஊருக்குக் கொடுத்து உண்டான காந்தி கலைமன்றத்தையும் காட்டுவார்கள். 2005-ல் தபால் தலையில் ஏறிய வெள்ளை ராஜபாளையம் நாயையும் யாராவது வீட்டு வாசலில் பார்த்துவிடலாம். நான் காட்டச் சொல்வது சத்திரப்பட்டியை. நம் உடம்பில் காயம் பட்டால் சுற்றுகிற பேண்டேஜ் துணி அங்கே விசைத்தறியில் ஓடி, வெளுத்து, வெயிலில் காய்கிறது. பங்குனி வெயில் துணிக்கு நல்ல வெயில், ஈரம் சட்டென்று போய்விடும். காற்றில் அந்த வெள்ளைத்துணி நீளநீளமாக அலையடிக்கிறதைப் பார்த்தால் எந்த ஆஸ்பத்திரியில் எந்தப் பிள்ளையின் முழங்காலுக்குப் போகப்போகிறதோ என்று தோன்றும். ஃபெஸ் நகரத்தில் தோல் பதனிடும் தொட்டிகளைப் பார்ப்பதற்கென்றே மாடி ஏறி நிற்கிறார்கள் வெளிநாட்டார். உழைப்பைப் பார்க்க ஜனங்கள் வருகிறார்கள். நாம்தான் காட்டுவதில்லை.

தெலுங்கு பேசும் வீடுகள் நிறைந்த ஊர் ராஜபாளையம். யுகாதி வரும் மாதமும் இதுதான். அன்றைக்குச் செய்யும் பச்சடியில் என்ன சேருகிறது என்று பாருங்கள். மரத்திலிருந்து அப்போது விழுந்த வேப்பம்பூ, புதுப்புளி, புது மாங்காய், வெல்லம். நான் இவ்வளவு நேரம் பேசிய மரமெல்லாம் ஒரு கிண்ணத்தில் இருக்கிறது. பிறகு சித்திரை முதல் நாளில் எங்கள் வீடுகளிலும் அதேதான் கொதிக்கும். பாஷை வேறானாலும் கொல்லை ஒன்று.

கூட்டி வருகிறவர்களுக்கு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இது காய்ந்த பருவம். மலையில் புல் சருகாகக் கிடக்கும், ஒரு பொறி போதும். 2018 மார்ச் 11-ல் குரங்கணி மலையில் காட்டுத் தீ எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்று நமக்குத் தெரியும். போன பிள்ளைகள் எல்லாம் மலையை ஆசையாகப் பார்க்கப் போனவர்கள். ஆகவே வனத்துறை அடைத்திருந்தால் அடைத்ததுதான். மலையை அடிவாரத்திலிருந்து பார்த்தால் போதும், அதுவே கண்கொள்ளாது. அருவியில் குளிக்கலாம் என்றும் ஆசை காட்டாதீர்கள். பங்குனியில் ஆறு நூலாகத்தான் ஓடும். ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் எத்தனை அடி நிற்கிறது என்று ஊரே விசாரிக்கும் நேரத்தில் வருகிறவர் வாளியைப் பார்த்துத்தான் குளிக்க வேண்டும்.

இன்னொரு நாளும் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் ஊர் பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழி பங்குனியில்தான். காப்புக் கட்டிய நாளிலிருந்து தெருவெல்லாம் மஞ்சள் உடுத்தும். டீக்கடைக்காரர், ஆட்டோ ஓட்டுகிறவர், ஆபீஸ் போகிறவர், எல்லோரும் மஞ்சள். ஆண்டாள் கோயிலின் 192 அடிக் கோபுரத்தின் கீழே அந்த மஞ்சள் கூட்டம் நடந்து போவதை ஓரமாக நின்று பார்த்தால் எது கோயில் எது தெரு என்று பிரித்துச் சொல்ல முடியாது. கூட்டம்தானே என்பீர்கள். ஆம், ஆனால் பஸ் ஏறி வந்த கூட்டம் இல்லை. ஊரே எழுந்து நடப்பது.

என் தங்கை மகன் மராக்கேஷிலிருந்து திரும்பும்போது ஒரு சின்ன புட்டி கொண்டு வந்தான். நாரத்தம்பூவை வசந்தத்தில் பறித்து, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வடித்த பூத்தண்ணீர். அங்கே வீட்டுக்கு வீடு வருடத்துக்கும் வைத்திருந்து பலகாரத்தில் ஒரு சொட்டு விடுவார்களாம். மூடியைத் திறந்தேன். அவன் போனில் சொன்ன இரவு உள்ளே இருந்தது.

அவனுடைய நண்பர்கள் மூன்று பேர் பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் முன்னால் பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து விடியற்காலை எங்கள் ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். என் பழைய பதிலை அழித்துவிட்டுப் புதிய பதிலைச் சொல்லிவிட்டேன். நேற்றிலிருந்து வேப்பமரத்தடியில் பழைய வேட்டி விரித்திருக்கிறேன். காலையில் ஒரு கை பூ விழுந்திருந்தது. இன்றைக்கு இரண்டு கை. அவர்கள் கிளம்புவதற்குள் மூன்று பொட்டலத்துக்குச் சேர்ந்துவிடும்.